தொழுவமும் துறைமுகமும்

கோலாலம்பூர் நகரின் தொடக்க கால வரலாற்றை எழுதுவோர் ஈயத்தையும் இரப்பரையும் இருப்புப்பாதையையும் மறவாமல் குறிப்பிடுவர். மாட்டைக் குறிப்பிடுவோர் மிகச் சிலரே. 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீயும், அவ்வாண்டின் இறுதியில் வெள்ளமும் அத்தாப்புக் கூரை வேய்ந்த அந்தச் சிறுநகரை அழித்தன. செங்கல்லாலும் ஓட்டாலும் நகரைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று ஆங்கில ஆட்சியாளர் முடிவு செய்தனர். அதன் பொருட்டுச் செங்கற்சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையை நோக்கி முதல் இரயில் ஓடும்வரை, நிலவழிச் சுமை அனைத்தும் மனிதன் தோளிலும் மாட்டு வண்டியிலுமே ஏறியது. இரயில் வந்தபின்னரும் நிலையத்திலிருந்து கடைவாசல் வரை வண்டி மாடுதான் நடந்தது.

அம்மாடுகளுள் பல, தமிழ்த் தொழிலாளரைப் போலவே கடல் கடந்து வந்தவை. பின்னர்த் தோட்டங்கள் பெருகியபோது லயங்களின் பின்புறத்தில் கறவைப் பசுக்கள் கட்டப்பட்டன. விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்றவர் மாலையில் புல்லறுத்து வந்து பசுவுக்கு இட்டார். கூலிக்கு மேல் கிடைத்த சிறு வருவாய் பாலில் வந்தது. சிந்தி, சாகிவால், தார்பார்க்கர், காங்கேயம் எனப் பல இனங்களின் இரத்தம் கலந்து இம்மண்ணுக்குப் பழகிய அப்பசுக்களின் வழிவந்தவற்றைக் கால்நடை வல்லுநர் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்று வகைப்படுத்துவர். அந்தப் பெயருக்குள் ஒரு குடிபெயர்வின் வரலாறே அடங்கியிருக்கிறது.

மாடு கப்பலேறும்போது நோயும் உடன் ஏறும். இவ்வுண்மையை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1887இல் இத்தாலியப் படைக்கென எரித்திரியாவில் இறக்கப்பட்ட இந்திய மாடுகளோடு வெக்கை நோய் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது என்பர். பத்தாண்டுகளுக்குள் அது தென்முனைவரை பரவி, பத்தில் எட்டு ஒன்பது மாடுகளைக் கொன்று, மாட்டை நம்பி வாழ்ந்த இனங்களைப் பட்டினியில் தள்ளியது. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற செபு மாடுகள் வழியில் பெல்ஜிய நாட்டு ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அவை போய்விட்டன, வெக்கை நோய் தங்கிவிட்டது. ஐரோப்பா திடுக்கிட்டது. அதன் பயனாக 1924 ஜனவரி 25ஆம் நாள் 28 நாடுகள் பாரிசில் கூடிக் கையெழுத்திட்டு அனைத்துலக விலங்கு நோய்த் தடுப்பு அலுவலகத்தை நிறுவின. ஒரு நாட்டில் ஒரு நோய் தோன்றினால் பிற நாடுகளுக்கு அதை மறைக்காமல் அறிவிக்க வேண்டும் என்பதே அவ்வமைப்பின் முதல் நோக்கம். இன்று உலக விலங்கு நல அமைப்பு என வழங்குவதும் அதுவே. வெக்கை நோய் 2011இல் உலகிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதன் ஒழித்த நோய்கள் இதுவரை இரண்டே: ஒன்று மனிதனின் பெரியம்மை, மற்றொன்று மாட்டின் வெக்கை.

வெக்கை நோய் கண்ணுக்குத் தெரியும் பகை. காய்ச்சல், கண்ணீர், வாய்ப்புண், கழிச்சல், சில நாளில் சாவு என்று தன் வரவைத் தானே பறைசாற்றிவிடும். துறைமுகத்தில் மாட்டைச் சில வாரம் கட்டிவைத்துப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். நூறாண்டுக் காலம் உலகின் கால்நடைக் காவல் முழுவதும் இந்த எண்ணத்தின்மேல் எழுப்பப்பட்டதாகும். அந்தக் காவலை ஏமாற்றிய நோய் 1980களில் பிரிட்டனில் தோன்றியது.

1984 டிசம்பரில் தென் இங்கிலாந்தின் சசெக்ஸ் வட்டாரத்துப் பண்ணையொன்றில் ஒரு பசு முதுகு வளைந்து, எடை குறைந்து காணப்பட்டது; பின்னர்த் தலை நடுங்கி, பின் கால் தடுமாறி, 1985 பிப்ரவரியில் இறந்தது. 1986 நவம்பரில் அரசு ஆய்வகத்தார் இது ஒரு புது நோய் என உறுதி செய்தனர். இறந்த மாடுகளின் மூளை பஞ்சுபோல் துளைத்திருந்தது. மிரண்டும் முரண்டும் நடந்த அம்மாடுகளைக் கண்ட மக்கள் அதனைப் 'பைத்தியப் பசு நோய்' என்றனர். கிருமியும் நச்சுயிரியும் இதற்குக் காரணம் அல்ல. உடலில் இயல்பாக உள்ள ஒரு புரதம் தவறான வடிவில் மடிந்து, அருகிலுள்ள புரதங்களையும் அவ்வாறே மடியச் செய்வதால் வருவது இது. 'பிரியான்' என்று 1982இல் இதற்குப் பெயரிட்ட ஸ்டான்லி புருசினர் 1997இல் நோபல் பரிசு பெற்றார். சமைப்பதால் அது அழியாது. மாட்டின் உடலில் புகுந்தபின் சராசரி ஐந்தாண்டுகள் எந்தக் குறியும் காட்டாது. உயிருள்ள மாட்டில் அதனைக் கண்டறியும் எளிய சோதனையும் இல்லை. இறந்தபின் மூளையை அறுத்துத்தான் காண வேண்டும்.

நோய் எங்கிருந்து வந்தது? ஜான் வைல்ஸ்மித் தலைமையில் ஆய்ந்தவர்கள் 1987இலேயே தீவனத் தொட்டியை நோக்கிக் கைகாட்டினர். அறுவைக்கூடக் கழிவை வேகவைத்து, கொழுப்பு நீக்கி, அரைத்த இறைச்சி எலும்புத் தூளைப் பால் பெருகும் பொருட்டுப் பசுக்களுக்கு ஊட்டி வந்தனர். புல் தின்னும் சாதிக்குத் தன் இனத்தின் எலும்பையே உணவாக்கிய செயல் அது. மாட்டின் கழிவு மாட்டுக்கே உணவாகிச் சுற்றிச் சுற்றி வந்தபோது, ஓர் இடத்தில் தோன்றிய கேடு ஒவ்வொரு சுற்றிலும் பெருகியது. 1988 ஜூலையில் அசைபோடும் விலங்குகளுக்கு அத்தூளை ஊட்டுவது தடைசெய்யப்பட்டது. ஆயினும் ஆலைகளில் கோழித் தீவனமும் மாட்டுத் தீவனமும் ஒரே இயந்திரத்தில் அரைபட்டமையால், தடைக்குப் பின் பிறந்த மாடுகள் பல்லாயிரமும் நோயுற்றன. ஒரு கிராமுக்கும் குறைந்த நோயுற்ற மூளையே ஒரு கன்றுக்குப் போதுமானது. 1992ஆம் ஆண்டில் மட்டும் 37,000க்கும் மேற்பட்ட மாடுகள் பிரிட்டனில் நோயுற்றன. மொத்தத் தொகை 1,80,000ஐத் தாண்டியது.

இதற்கிடையே நிகழ்ந்த ஒன்றை வரலாறு எளிதில் மன்னிக்காது. உள்நாட்டு மாட்டுக்கு ஆகாது என்று 1988இல் விலக்கப்பட்ட தூள் 1996வரை கப்பலில் வெளிநாடுகளுக்குச் சென்றுகொண்டிருந்தது. முதலில் அண்டை ஐரோப்பிய நாடுகள் வாங்கின. அவை கதவடைத்தபின் ஆசியச் சந்தைகளும் வாங்கின. பன்றிக்கும் கோழிக்கும் என்று சொல்லித்தான் விற்றனர். இறங்கிய துறையில் அதை யார் எந்தத் தொட்டியில் கொட்டினர் என்பதை விற்றவர் கேட்கவில்லை.

மனிதருக்குத் தீங்கில்லை என்றே பிரிட்டிஷ் ஆட்சியாளர் சொல்லி வந்தனர். ஆடுகளுக்கு வரும் ஸ்கிரேப்பி என்னும் ஒத்த நோய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்தும் மனிதரைத் தொட்டதில்லை என்பது அவர்தம் வாதம். 1990 மே மாதத்தில் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் புகைப்படக்காரர் முன்னிலையில் தம் சிறு மகளுக்கு மாட்டிறைச்சி ரொட்டி ஊட்ட முயன்றார். 1996 மார்ச் 20ஆம் நாள் சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்தில் எழுந்து, இளம் வயதினர் பத்துப் பேருக்கு வந்த புதுவகை மூளைநோய்க்குப் பெரும்பாலும் இந்நோயே காரணமாகலாம் என்று அறிவித்தார். பிரிட்டனில் மட்டும் அந்நோயால் 178 பேர் மாண்டனர்.

இங்கே எழுந்தது ஒரு புதிய வினா. ஒரு நாடு 'எம்மிடம் இந்நோய் இல்லை' என்று சொன்னால், அதை எவ்வாறு நம்புவது? நோயுற்ற மாட்டைக் காணவில்லை என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகுமா? ஐந்தாண்டு மறைந்திருக்கும் நோய்க்கு, மூளையை அறுத்துப் பார்க்காத நாட்டில், 'காணவில்லை' என்ற சொல்லுக்கு மதிப்பு யாது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் வழிகாட்டுக் குழு 2000 ஜூலையில் வெளியிட்ட மதிப்பீடு இதற்கொரு விடை கண்டது. அது மாட்டைத் தேடவில்லை, கணக்கேட்டைத் தேடியது. நோயுள்ள நாடுகளிலிருந்து எத்தனை உயிர்மாடுகளும் எவ்வளவு எலும்புத் தூளும் உள்ளே வந்தன? வந்த கேடு பெருகும் வகையில் அந்நாட்டுத் தீவன முறை அமைந்துள்ளதா, அல்லது தானே தேய்ந்து மறையும் வகையிலா? கழிவு எந்த வெப்பத்தில் வேகிறது? மூளையும் தண்டுவடமும் நீக்கப்படுகின்றனவா? இவற்றுக்கு விடை தராத நாட்டுக்கு, நேரக்கூடிய மிகத் தீய நிலையே உண்மை எனக் கொள்ளப்பட்டது. அனுப்பிய நாட்டின் ஏற்றுமதிக் கணக்கும் பெற்ற நாட்டின் இறக்குமதிக் கணக்கும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கப்பட்டன. முடிவில் நாடுகள் நான்கு படிகளில் நிறுத்தப்பட்டன. முதற்படி, நோய் இருத்தல் மிகவும் அரிது. நான்காம் படி, நோய் மிகுதியாக உண்டு.

ஜெர்மனியும் ஸ்பெயினும் தம் மண்ணில் பிறந்த மாடு எதற்கும் நோயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே மூன்றாம் படியில் வைக்கப்பட்டன. 2000 நவம்பரில் இரு நாடுகளிலும் நோயுற்ற மாடு அகப்பட்டது. ஜெர்மனியில் 2001 ஜனவரியில் அமைச்சர் இருவர் பதவி துறந்தனர். ஜப்பானின் கதை இதனினும் கூரியது. ஐரோப்பியக் குழுவின் வரைவு தன்னைத் தாழ்ந்த படியில் நிறுத்தப்போவதை அறிந்த ஜப்பான், மதிப்பீட்டையே நிறுத்துமாறு 2001 ஜூனில் கேட்டுக்கொண்டது. செப்டம்பரில் சிபா மாநிலத்தில் ஐந்து வயதுக் கறவைப் பசுவொன்றில் நோய் உறுதியாயிற்று. எனினும் கணக்கும் பிழைக்கும் என்பதை மறைத்தல் ஆகாது. 'இருத்தல் அரிது, ஆயினும் விலக்க இயலாது' என்று இரண்டாம் படியில் வைக்கப்பட்ட ஆஸ்திரியாவிலும் பின்லாந்திலும் 2001ஆம் ஆண்டு இறுதியில் நோய் தோன்றியது. முதிய மாடுகளில் தீவனத் தொடர்பின்றித் தானே தோன்றும் வேறொரு வகையும் உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆதலின் எந்த நாடும் சுழியம் என்று சொல்ல இயலாது.

இவ்வளவுகோலைக் கையில் கொண்டு கிள்ளான் பள்ளத்தாக்கை நோக்கினால் என்ன தோன்றும்? மலேசியாவில் பைத்தியப் பசு நோய் ஒரு மாட்டிலும் கண்டறியப்பட்டதாகப் பதிவு இல்லை. ஆனால் அது விடையின் தொடக்கமே அன்றி முடிவன்று.

முதலில் துறைமுகம். 1901இல் திறக்கப்பெற்று, சுவெட்டன்ஹாம் துறை என வழங்கி, 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய அந்த வாயில் வழியே நாட்டின் உணவில் பெரும் பங்கு வந்திறங்குகிறது. நாட்டுக்கு வேண்டிய மாட்டிறைச்சியில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வருகிறது. கறவை இனத்தை உயர்த்தும் பொருட்டு 1970கள் முதல் கொண்டுவரப்பட்ட பிரீசியன் கலப்பினப் பசுக்கள் முதன்மையாக ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருந்து வந்தவை. தீவனவழி வரும் பைத்தியப் பசு நோய் அந்நாடுகளைத் தொடவில்லை. உறைய வைத்த எருமை இறைச்சி இந்தியாவிலிருந்து வருகிறது. அந்த இந்தியா 2010இல் மிகக் குறைந்த அபாயமுள்ள நாடு என ஏற்கப்பட்டது. பாரிசு அமைப்பு பிறக்கக் காரணமான மாடுகள் இந்தியாவில் கப்பலேறியவை என்பதை நினைவுகூர்ந்தால் இது வியப்பைத் தரும் மாற்றமாகும். ஆகவே மாட்டின் வழியும் இறைச்சியின் வழியும் பெரிதும் தூய்மையானவை. கூர்ந்து பார்க்க வேண்டியது கோழிப் பண்ணைக்கும் பன்றிப் பண்ணைக்கும் வந்த தூளின் வழியே.

அடுத்தது தொட்டி. இங்குத்தான் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப் பால்காரர் தம்மை அறியாமலே நாட்டுக்கு ஒரு காப்பைத் தந்திருக்கிறார். அவர் பசு சாலையோரப் புல்லையும் தோட்டத்து ஊடுபயிரையும் தின்றது. அதற்குமேல் தந்தது பிண்ணாக்கு. முன்னாளில் தேங்காய்ப் பிண்ணாக்கு. பின்னாளில் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு. இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தென்னமரம் தோட்டத்தில் எழுந்தது. செம்பனையின் தாய்வீடு தென்னையின் பெயரை, அதுவும் தமிழில், தாங்கி நிற்பது ஒரு சுவையான முரண். அச்செம்பனை பெருகப் பெருக, எண்ணெய் பிழிந்த கொட்டையின் சக்கை மலிவான மாட்டுத் தீவனமாயிற்று. எலும்புத் தூளை நாடும் தேவையே சிறு கொட்டகைகளில் எழவில்லை. வாங்கும் பணமும் இல்லை. செல்வ நாட்டுப் பசு நோயுற்றது மிகைத் தீவனத்தால். ஏழையின் பசு தப்பியது எளிய தீவனத்தால். அதே பிண்ணாக்கு கிள்ளான் துறையிலிருந்து ஐரோப்பாவுக்கும் கப்பலேறி அங்குள்ள மாடுகளின் தொட்டியை நிரப்பியிருக்கிறது.

மூன்றாவது, பார்க்கும் கண். இதுவே எல்லாவற்றினும் கடினமானது. பாரிசு அமைப்பு பல ஆண்டுகள் நடைமுறையில் வைத்திருந்த புள்ளி முறை ஒன்று உண்டு. ஒரு நாடு எத்தனை மாட்டு மூளைகளைச் சோதித்தது என்பதைவிட, எத்தகைய மாட்டின் மூளையைச் சோதித்தது என்பதற்கே அது மதிப்பளித்தது. நான்கு முதல் ஏழு வயதுள்ள, நலமாக நடந்து அறுவைக்கூடம் சென்ற மாட்டைச் சோதித்தால் 0.2 புள்ளி. அதே வயதில் மிரட்சியும் தடுமாற்றமும் காட்டிய மாட்டைச் சோதித்தால் 750 புள்ளி. கணக்குப் போட்டுப் பார்த்தால், தடுமாறிய ஒரு பசு நலமான 3,750 பசுக்களுக்குச் சமம். அந்த ஒரு பசுவை முதலில் காண்பவர் யார்? ஆய்வகத்தில் இருப்பவர் அல்லர். அமைச்சில் இருப்பவரும் அல்லர். விடியற்காலையில் பாலுக்காகக் குந்தும்போது 'இன்று இவள் காலை உதைக்கிறாளே, கண்ணில் ஏதோ மிரட்சி தெரிகிறதே' என்று எண்ணும் பால்காரர்தாம். அவர் வாய் திறந்தால் நாட்டுக்கு 750 புள்ளி. வாய் மூடினால் ஏட்டில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத ஏடு தூய்மையான நாட்டின் ஏட்டைப் போலவே தோன்றும்.

இது வெறும் கற்பனை அன்று என்பதற்கு மலேசியாவே சான்று. 1998 செப்டம்பரில் பேராக் மாநிலத்து ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணையாளர் சிலர் மூளைக்காய்ச்சலில் வீழ்ந்தனர். அறிந்த நோயின் பெயர் ஒன்று ஆயத்தமாக இருந்தது: ஜப்பானிய மூளைக்காய்ச்சல். கொசுவை நோக்கிப் புகை அடித்தனர்; தடுப்பூசி போட்டனர். ஆனால் கொசுவால் வரும் அந்நோய் குழந்தைகளை மிகுதியாகத் தாக்குவது. இங்கு வீழ்ந்தவரோ பன்றியைக் கையால் தொட்டு வேலை செய்த ஆடவர். பன்றிகளே உரத்து இருமிச் சாவதையும் பண்ணையாளர் கண்டிருந்தனர். தடுப்பூசி போட்டவரும் வீழ்ந்தனர். இழப்புக்கு அஞ்சிய பண்ணையாளர் சிலர் பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டனர். நோய் வண்டியேறித் தெற்கே நெகிரி செம்பிலானுக்குச் சென்றது. 1999 மார்ச் மாதத் தொடக்கத்தில், பிரிக்பீல்ட்சுக்குத் தொலைவில் அல்லாத மலாயாப் பல்கலைக்கழகத்தில், சுவா கா பிங் என்னும் நச்சுயிரியல் மருத்துவர் நோயாளி ஒருவரின் உடல்நீரிலிருந்து புதிய நச்சுயிரி ஒன்றைப் பிரித்தெடுத்தார். நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு இடப்பட்டது. 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

நிப்பா நச்சுயிரி, பைத்தியப் பசு நோய்ப் புரதம் அன்று. ஒன்று வாரங்களில் கொல்வது, மற்றது ஆண்டுகளில் கொல்வது. ஆயினும் பிழை ஒன்றே. லண்டனில் ஸ்கிரேப்பி என்ற பழைய பெயர் புதிய நோயை மறைத்தது. மலேசியாவில் ஜப்பானியக் காய்ச்சல் என்ற பழைய பெயர் மறைத்தது. இரு நாட்டிலும் விலங்கோடு வாழ்ந்தவர் கண்டது ஒன்று, அலுவலகத்தில் எழுதியது வேறொன்று.

பண்ணையாளர் ஏன் மறைக்கிறார் என்பதற்கும் விடை ஏட்டிலேயே இருக்கிறது. 1988 ஆகஸ்டில் பிரிட்டன் நோயுற்ற மாட்டைக் கட்டாயமாக அழிக்கத் தொடங்கியபோது மாட்டின் மதிப்பில் பாதியையே ஈடாகத் தந்தது. நோயுற்ற பசுவைச் சந்தையில் விற்றால் அதனினும் மிகுதி கிடைக்கும் என்ற நிலை அது. 1990 பிப்ரவரியில்தான் முழு ஈடு தரப்பட்டது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் எத்தனை மாடுகள் சொல்லப்படாமல் உணவுத் தட்டை அடைந்தன என்பதை எந்த ஏடும் கூறாது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பால்காரர் நிலை இதனினும் இக்கட்டானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது லயமும் போயிற்று, மேய்ச்சல் நிலமும் போயிற்று. மாட்டை விட மனமில்லாதோர் ஆற்றங்கரையிலும் இருப்புப்பாதை ஓரத்திலும் மின்கம்பித் தடத்தின் அடியிலும் உரிமைச் சீட்டில்லாத நிலத்தில் கொட்டகை போட்டனர். சாலையில் அலையும் மாட்டைப் பிடிக்க நகராட்சி வண்டி வரும். கொட்டகையை அகற்றக் கடிதம் வரும். அத்தகைய ஒருவருக்கு 'அதிகாரி' என்ற சொல்லின் பொருள் ஒன்றே. அவர் பசு ஒருநாள் தடுமாறி விழுந்தால், கால்நடைத் துறைக்குச் சொல்லி அனுப்புவதா, மாலைக்குள் தரகரை அழைத்து வந்த விலைக்குக் கொடுத்துவிடுவதா என்று அவர் எண்ணத் தொடங்குவார். கொட்டகைக்கு உரிமமும் பசுவுக்கு முழு ஈடும் இருந்தால் அவ்வெண்ணத்துக்கு அதிக நேரம் பிடிக்காது. இரண்டும் இல்லாதவரை, தரகரின் லாரி அங்கே பொழுது சாயுமுன் வந்து நிற்கும்.